மூன்று புள்ளி நான்கு

எண்ணெய் லாரி இந்த வருஷம் வரவில்லை.
பதினான்கு அறை, இரண்டு படிக்கட்டு,
யாரும் ஏறாத மூன்றாவது ஒன்று.
ஆண்டுக்கு ஒன்பதாயிரம் லிட்டர் குடித்த வீடு
பெர்த்ஷயர் மலைச்சரிவில்
முதல்முறையாகக் குடிக்காமல் நிற்கிறது.

போன அக்டோபரில் ஊனா வந்து
கீழ்ப்புல்வெளியைக் கோடு கோடாகக் கிழித்தாள்.
இடுப்பாழத்தில் கறுப்புக் குழாய்,
ஆயிரத்து இருநூறு மீட்டர்.
எட்டு டிகிரி மண்ணிடம் கேட்டு வாங்க என்ன இருக்கும்?
இருக்கிறதாம்.
ஒரு பங்கு மின்சாரம் நாம் போட்டால்
இரண்டு பங்கும் சொச்சமும் மண் போடும்.
சலவையறைச் சுவரில் சின்னத் திரை
அந்தக் கணக்கைச் சொல்கிறது:
மூன்று புள்ளி நான்கு.

தேநீருக்கு முன் போய்ப் பார்ப்பேன்.
பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல
என்று எழுதி, அடித்துவிட்டேன்.
அப்படியெல்லாம் இல்லை.
கடன் வாங்கிக் குதிரைமேல் கட்டியவள்
குதிரையைப் பார்க்கும் பார்வை.

தொழுவக் கூரையில் நாற்பத்தெட்டுத் தகடுகள்.
ஜூனில் இரவு ஒன்பதுக்கும் உழைத்தன.
டிசம்பர் சூரியனோ
வேலிக்கு மேல் தலைநீட்டி
யாரும் இல்லையென்று மூன்றரைக்குப் போய்விடும்.
ஆனைப் பசிக்குச் சோளப்பொரி.
ஓடைதான் சோறு போடுகிறது.
பழைய மதகடியில் ஒரு சுழலி,
நல்ல மழையில் ஒன்பது கிலோவாட்.
மழையை வைவதை அன்றோடு விட்டேன்.

ஜனவரி ஆறு.
இரண்டு புள்ளி இரண்டு.

இலை அடைத்திருக்கும் என்று
முழங்கால் பூட்ஸோடு இருட்டில் இறங்கி
மதகுக் கம்பியில் பீச் இலையை
அள்ளி அள்ளிக் கரையில் போட்டேன்.
விரல் செத்துப்போன பிறகுதான் உறைத்தது:
ஓடை தருவது மின்சாரம்,
விகிதம் அதன் பொறுப்பில்லை.

ஊனா தொலைபேசியில் ஒன்றே கேட்டாள்:
"தண்ணீர் எத்தனை டிகிரியில் போகிறது?"
அறுபத்திரண்டு.
அவள் வைத்துவிட்டுப் போனது நாற்பத்திரண்டு.

வீட்டில் நானும் ரூரியும்தான்.
நாயைச் சேர்த்தால் மூவர். நாய்க்கு எட்டாது.

தம்பி நவம்பரில் அபர்டீனிலிருந்து வந்தான்,
இரண்டு பெட்டி, பேசாத ஒரு பேச்சு.
வடக்கு அறையை எடுத்துக்கொண்டான்.
அங்கே மட்டும் பழைய சின்ன ரேடியேட்டர்.
மிதமான தண்ணீருக்கு அகலமான இரும்பு வேண்டும்,
மாற்றிவிடலாம் என்றதற்கு
"எனக்கெதற்கு? நான் தங்கப்போவதில்லை" என்றான்.
தங்காதவன் ஒருவனுக்காக
பதிமூன்று அறையும் கொதித்துக்கொண்டிருந்தது,
மூன்றாம் படிக்கட்டின் சிலந்திக்குக்கூட வியர்த்திருக்கும்.

திட்ட வாயெடுத்துத்தான் போனேன்.
கோட்டோடு படுத்திருந்தான்.
கையுறை போட்ட கையில் புத்தகம்,
தாள் புரட்ட முடியாமல்
அதே பக்கம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கீழே போய் நாற்பத்திரண்டுக்கு இறக்கினேன்.
சமையலறை பெஞ்சில் அவனுக்குப் படுக்கை விரித்தேன்.
நாய் முதலில் ஏறிக்கொண்டது.

மறுநாள் உறைபனி.
ஜன்னலருகே இருவரும் நின்றோம்.
ஒன்பது மணி வெயிலில் மலை முழுக்கப் பச்சை,
கீழ்ப்புல்வெளி மட்டும் வரிவரியாய் வெள்ளை.
குழாய் ஓடும் இடமெல்லாம் பனி விடவில்லை.
அங்கிருந்து எடுத்ததில்தான்
எங்கள் கால் வெறுந்தரையில் நிற்கிறது.
ஆடுகள் வெள்ளையைத் தாண்டித் தாண்டி மேய்ந்தன.

"கோடைக்குள் மண் தேறிவிடுமா?" என்றான்.
தேறும் என்று ஊனா சொல்கிறாள், என்றேன்.

ரொட்டியைப் பாதி நாய்க்குப் போட்டான்.
வெண்ணெய்க் கத்தியை நக்கினான்.
பிறகு, வெளியே பார்த்தபடியே:
"அந்தப் பெரிய ரேடியேட்டர்
சொன்னால் எத்தனை நாளில் வரும்?"

மூன்று வாரம், என்றேன்.
நான் விசாரித்தே வைத்திருந்தேன்.

திரையில் மூன்று புள்ளி ஒன்று.
ஏறிக்கொண்டிருக்கிறது, மெதுவாக.